வீட்டில் அடி விழுகிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா: கர்ப்பிணியிடம் எப்படிக் கேட்பது?

மகப்பேறுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த செவிலியர் ஒருவரின் கேள்வி இது. கர்ப்பப் பரிசோதனைக்கு வரும் எல்லாப் பெண்களிடமும் கணவரோ துணைவரோ துன்புறுத்துகிறாரா என்றும், மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேட்டுப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. இவ்வளவு அந்தரங்கமான விஷயத்தை முன்பின் தெரியாதவரிடம் எப்படிக் கேட்பது? "ஆமாம்" என்று சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வது? இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றவை அதிலிருந்துதான் வருகின்றன. ஆம், சேர்த்துத்தான் கேட்க வேண்டும். மனச்சோர்வில் இருக்கும் பெண்ணுக்கு நாம் வழக்கமாகச் செய்கிற உதவிகளில் பாதி, அவர் வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறார் என்ற நம்பிக்கையில் நிற்பவை. அந்த நம்பிக்கை தவறாக இருந்தால் உதவியே ஆபத்தாகிவிடும்.

எப்படி என்று கேட்டால், இப்படி வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாளில் ஒரு பெண்ணுக்கு மதிப்பெண் அதிகம் வருகிறது. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் அவ்வப்போது வருவதாகவும் சொல்கிறார். நாம் உடனே என்ன செய்வோம்? வெளியில் காத்திருக்கும் கணவரை அழைத்து, "இவங்களைத் தனியாக விடாதீங்க, மருந்து மாத்திரையெல்லாம் நீங்களே வைத்துக்கொடுங்க, எங்கேயும் தனியாக அனுப்பாதீங்க" என்று சொல்லி அனுப்புவோம். பெரும்பாலான குடும்பங்களில் இது சரியான ஆலோசனை. ஆனால் அவரை அந்த நிலைக்குத் தள்ளியவரே அந்தக் கணவராக இருந்தால்? அவளைக் கண்காணிக்கவும் அடைத்துவைக்கவும் மருத்துவமனையே அனுமதி கொடுத்தது போல ஆகிவிடும். "இவளுக்கு மனநிலை சரியில்லை, ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள்" என்று நாளை குழந்தையை அவளிடமிருந்து பிரிக்கவும் அந்த வார்த்தை அவருக்குப் பயன்படும். வேலைக்கு வந்த புதிதில் நானும் இப்படி ஒரு கணவரை அழைத்துப் பேசியிருக்கிறேன். அந்தப் பெண் அதற்குப் பிறகு எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. ஏன் என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது. அதனால் என் வரிசை இதுதான்: குடும்பத்தில் யாரையாவது உள்ளே அழைக்கும் முன்பு வன்முறை பற்றிய கேள்வி முடிந்திருக்க வேண்டும்.

அளவையும் பார்த்துவிடலாம். துணைவருடன் வாழ்ந்த 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 27 சதவீதம் பேர், வாழ்நாளில் ஒரு முறையாவது துணைவரிடமிருந்து உடல் ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், அண்மையில் பிரசவித்தவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கும் மனநலப் பாதிப்பு இருக்கிறது, அதில் பெரும்பகுதி மனச்சோர்வு என்பதும் அதே நிறுவனத்தின் கணக்கு. வளரும் நாடுகளில் இது 15.6, 19.8 சதவீதமாக உயர்கிறது. அத்தனை கர்ப்பிணிகளிடமும் நாம் தேடும் சில நோய்கள் இந்த அளவுக்குப் பரவலானவை அல்ல. அவற்றுக்கு ரத்தம் எடுக்கத் தயங்குவதில்லை, இதற்கு வாய் திறக்கத்தான் தயங்குகிறோம்.

இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. அடியும் அவமதிப்பும் மனச்சோர்வைக் கொண்டுவருகின்றன. மனச்சோர்வு, வெளியில் சொல்லி உதவி கேட்கும் தெம்பைப் பறிக்கிறது. வயிற்றில் விழும் அடியால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரியலாம், குறைப்பிரசவம் ஆகலாம். அடியே விழாத வீட்டிலும் ஓயாத பயம், பரிசோதனைக்குப் போகவிடாமல் தடுப்பது, பணத்தை முடக்குவது எல்லாம் சேர்ந்து குழந்தையின் எடை வரைக்கும் பாதிக்கும். மூன்று மாதம் கழித்து முதல் முறை வருகிறவர், தேதி தவறித் தவறி வருகிறவர், காரணம் பிடிபடாத வயிற்றுவலி, தலைவலி என்று திரும்பத் திரும்ப வருகிறவர், எல்லாக் கேள்விக்கும் துணைவரே பதில் சொல்ல வாய் மூடி உட்கார்ந்திருப்பவர், இவர்களிடம் கூடுதல் கவனம் வையுங்கள். ஆனால் இந்த அடையாளங்களை மட்டும் நம்பாதீர்கள். சிரித்துக்கொண்டே வந்து போகிறவர்களிலும் இருக்கிறார்கள்.

இப்போது மனச்சோர்வுக் கேள்வித்தாளுக்கு வருவோம். அதிகம் பயன்படுவது எடின்பரோ அளவுகோல். ஜான் காக்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்டது. பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை, மொத்தம் 30 மதிப்பெண். பிரசவத்துக்குப் பிந்தைய காலத்துக்கென்று உருவானாலும் கர்ப்ப காலத்திலும் பயன்படுத்துகிறார்கள். பசி எப்படி, களைப்பு இருக்கிறதா என்று இது கேட்பதில்லை. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் இவை இயல்பாகவே மாறியிருக்கும் என்பதால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி உண்டு, அதுவும் மனவருத்தத்தால் தூக்கம் கெடுகிறதா என்றுதான் கேட்கிறது. பொது மருத்துவத்தில் புழங்கும் பி.ஹெச்.க்யூ-9 கேள்வித்தாள் இரண்டு வாரத்தைப் பற்றியது, தூக்கம், பசி, களைப்பு மூன்றையும் கேட்கும். அதைப் பயன்படுத்தினால் மதிப்பெண் எங்கிருந்து ஏறியது என்று ஒரு தடவை பாருங்கள்.

மதிப்பெண் எவ்வளவு வந்தால் கவலைப்பட வேண்டும்? இந்த இடத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சில இடங்களில் 10, சில இடங்களில் 13 என்று வைத்திருப்பார்கள். 58 ஆய்வுகளில் பங்கேற்ற பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைச் சேர்த்து 2020-இல் வெளியான ஓர் அலசலில், 11 என்ற எல்லை மொத்தத்தில் நன்றாக வேலை செய்தது. தீவிர மனச்சோர்வு உள்ளவர்களில் 81 சதவீதத்தை அது பிடித்தது, இல்லாதவர்களில் 88 சதவீதத்தைச் சரியாக விலக்கியது. 13 என்று வைத்தால் பிடிபடுவது 66 சதவீதம், விலக்குவது 95 சதவீதம்.

இதைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பெண்களில் நூறு பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லை 11 என்றால் 81 பேர் பிடிபடுவார்கள், 19 பேர் தப்பிவிடுவார்கள். நோயில்லாத 900 பேரில் 108 பேரும் கூடவே மாட்டுவார்கள். அதாவது "மதிப்பெண் அதிகம்" என்று நீங்கள் குறிக்கும் 189 பேரில் பாதிக்கும் மேல் அந்த நோய் இல்லாதவர்கள். எல்லையை 13 ஆக்கினால் வீணாக மாட்டுபவர்கள் 45 ஆகக் குறைவார்கள், தப்பிவிடுபவர்கள் 34 ஆகக் கூடுவார்கள். எந்த எல்லையும் இரண்டு பக்கமும் காப்பாற்றாது. ஆகவே மதிப்பெண்ணை நோயின் பெயராக எழுதாதீர்கள். "இவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்" என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. குறைந்த மதிப்பெண் வந்தும் முகம் வாடியிருந்தால் உங்கள் கண்ணை நம்புங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மொத்த மதிப்பெண் பொருட்டே இல்லை. எடின்பரோவின் பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மொத்தம் நான்குதான் வந்தாலும், பத்தாவதில் பூஜ்ஜியம் அல்லாத பதில் வந்தால் அன்றைக்கே, அந்தப் பெண் கிளம்பும் முன்பே பேச வேண்டும். தாளை வாங்கிக் கோப்பில் செருகிவிட்டு மறுநாள் கூட்டிப் பார்ப்பது சில இடங்களில் நடக்கிறது. எனக்கு அது மன்னிக்க முடியாத பழக்கமாகத் தெரிகிறது. அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்ல அவர் எவ்வளவு தயங்கியிருப்பார்! சொன்ன பிறகு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றால், யாருக்கும் அக்கறை இல்லை என்றுதானே அவர் எடுத்துக்கொள்வார்?

வெளிப்படையாகவே கேளுங்கள். "செத்துப்போய்விடலாம் என்று தோன்றியதுண்டா? எப்படி என்றுகூட யோசித்தீர்களா? அதற்கான பொருள் கையில் இருக்கிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. திட்டமும் பொருளும் இருக்கிறது என்றால் தனியாக விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். குழந்தை பிறந்து முதல் சில வாரங்களில் ஒருவர் தூங்காமல், குழப்பமாக, இல்லாத குரல்களைக் கேட்டுக்கொண்டு, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகளோடு இருந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும், ஆனால் வந்தால் அவசர சிகிச்சை. அதற்குக் கேள்வித்தாள் தேவையில்லை.

பிரசவமான இரண்டு மூன்று நாளில் வரும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதைத் தாண்டி நீடித்தால் கவனியுங்கள்.

சரி, வன்முறை பற்றிக் கேட்பது. இதில் கேள்வியின் வார்த்தைகளைவிட இடம் முக்கியம். துணைவர் மட்டும் வெளியே இருந்தால் போதாது. மாமியார், அம்மா, தோழி, பேசத் தெரிந்த வயதுக் குழந்தை, யாரும் கூட இருக்கக் கூடாது. அம்மா இருந்தால் மகள் மனம் திறப்பாள் என்று நினைக்காதீர்கள், பல பெண்கள் முதலில் மறைப்பதே அம்மாவிடம்தான். மொழி தெரியாதவர் என்றால் மொழிபெயர்க்க உறவினரைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு வயது தாண்டிய குழந்தை இருந்தாலே தள்ளிப்போடச் சொல்கிறார்கள், வீட்டுக்குப் போய் அப்படியே ஒப்பிக்கும். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்திருந்தால் அது தனிமை அல்ல. தனிமை கிடைக்கவில்லையா? கேட்காதீர்கள். "இன்று தனியாகப் பேச முடியவில்லை" என்று மருத்துவமனைக் கோப்பில் குறித்துவிட்டு அடுத்த முறை கேளுங்கள். அரைகுறைத் தனிமையில் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். அந்த "இல்லை" பதிவாகிவிட்டால் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

தனிமையை உண்டாக்க மிகச் சுலபமான வழி, அதை எல்லோருக்கும் பொதுவான வழக்கமாக்குவது. "ஒவ்வொருவரிடமும் சில நிமிடம் தனியாகப் பேசுவது எங்கள் முறை" என்று வாசலில் எழுதி ஒட்டிவிட்டால் எந்தத் துணைவருக்கும் தன்னைச் சந்தேகிப்பதாகத் தோன்றாது. எடை பார்க்கும் நேரம், சிறுநீர் மாதிரி எடுக்கும் நேரம் எல்லாம் இதற்கு உதவும்.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில நாடுகளில் குறிப்பிட்ட காயங்களைப் பற்றியோ, குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தாலோ அதிகாரிகளிடம் தெரிவிப்பது சட்டக் கடமை. உங்கள் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்தப் பெண் பேசத் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். எல்லாம் சொன்ன பிறகு "இதை நான் மேலே தெரிவித்தாக வேண்டும்" என்றால் அது நம்பிக்கைத் துரோகம்.

கேள்வி எப்படி இருக்கலாம்? நான் சொல்லிக்கொடுப்பது இப்படி: "நிறைய வீடுகளில் கர்ப்ப காலத்தில் சண்டை, அடி, மிரட்டல் எல்லாம் நடக்கிறது. அது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து என்பதால் இங்கே வரும் எல்லோரிடமும் கேட்கிறோம். உங்கள் கணவர் உங்களை அடித்ததுண்டா, தள்ளிவிட்டதுண்டா? அவரைப் பார்த்துப் பயமாக இருக்கிறதா? விருப்பமில்லாதபோது உடலுறவுக்கு வற்புறுத்துகிறாரா?" செயல்களைப் பெயர் சொல்லிக் கேட்பதுதான் இதில் முக்கியம். "வன்முறை", "கொடுமை" என்ற சொற்களைப் போட்டால், தினமும் அறை வாங்குகிறவர்கூட "அப்படியெல்லாம் இல்லைங்க" என்பார். தனக்கு நடப்பது அவ்வளவு பெரிய சொல்லுக்கு உரியது என்று அவருக்கே தோன்றியிருக்காது. "உங்க வீட்டில் பிரச்சனை ஒன்றும் இல்லையே?" என்று கேட்பது அதைவிட மோசம். "இல்லை" என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

எழுத்து வடிவிலும் கருவிகள் இருக்கின்றன. ஹிட்ஸ் என்பதில் நான்கே கேள்விகள்: அடித்துக் காயப்படுத்துவது, அவமதிப்பது, மிரட்டுவது, கத்தித் திட்டுவது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, மொத்தம் 10-ஐத் தாண்டினால் கவனிக்கச் சொல்கிறது. பாலியல் வற்புறுத்தல் அந்த நான்கில் இல்லை, தனியே சேர்த்துக் கேட்க வேண்டும். நேருக்கு நேர் கேட்பதைவிடத் தாளிலோ திரையிலோ தானே நிரப்புவது எளிதாக இருக்கிறது என்று பல பெண்கள் ஆய்வுகளில் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தாளையும் தனிமையில்தான் நிரப்ப வேண்டும், தோளுக்கு மேல் யாரும் எட்டிப் பார்க்காமல்.

"இல்லை" என்றால்? சில வேளை உண்மையிலேயே இல்லை. சில வேளை இன்றைக்குச் சொல்ல முடியவில்லை. எது என்று தோண்டிக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. கையில் அடிபட்ட தழும்பைப் பார்த்துவிட்டு "பொய் சொல்லாதீங்க" என்று நெருக்கினால் அடுத்த முறை அவர் வரவே மாட்டார். "நல்லது. எப்போதாவது பேச வேண்டும் என்று தோன்றினால் இங்கே வரலாம், வேறு யாருக்காவது தேவைப்பட்டாலும் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லி விடுங்கள். இந்த இடத்தில் பேசலாம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, முதல் முறைக்கு அதுவே பெரிது. மூன்றாவது, நான்காவது முறை கேட்டபோது சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு, முதல் வருகையில் ஒரு தடவை, ஒவ்வொரு மூன்று மாதப் பருவத்திலும் ஒரு தடவை, பிரசவத்துக்குப் பிறகு ஒரு தடவை என்று திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

"ஆமாம்" என்றால் என்ன செய்வது என்று பயப்படுகிறீர்கள். பயம் நியாயமானது, ஆனால் நீங்கள் அந்தக் குடும்பத்தைச் சரிசெய்ய வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லித்தரும் முதல்நிலை ஆதரவில் ஐந்து படிகள்: குறுக்கிடாமல் கேட்பது, என்ன தேவை என்று விசாரிப்பது, நீங்கள் சொல்வதை நம்புகிறேன், இது உங்கள் தவறில்லை என்று தெரியப்படுத்துவது, பாதுகாப்பை யோசிப்பது, உதவிகளோடு இணைப்பது. மூன்றாவது படி எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். "நான்தான் ஏதோ தப்பு செய்திருப்பேன்" என்று வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருப்பவரிடம், மருத்துவமனை உடுப்பில் இருக்கும் ஒருவர் "யாருக்கும் உங்களை அடிக்க உரிமை இல்லை" என்று சொல்வது அவர் கேள்விப்படாத செய்தியாக இருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பாதுகாப்புக்கு வந்தால் சில கேள்விகள் உண்டு. கடந்த ஆறு மாதத்தில் அடி கூடியிருக்கிறதா, கடுமையாகியிருக்கிறதா? ஆயுதம் எடுத்தாரா, எடுப்பேன் என்று மிரட்டினாரா? கழுத்தை நெரித்தாரா? கொன்றுவிடுவார் என்று நினைக்கிறீர்களா? கர்ப்பமாக இருக்கும்போது அடித்தாரா? எப்போதும் வெறிகொண்ட சந்தேகமா? இவற்றில் மூன்றுக்காவது "ஆமாம்" என்றால் உடனடி ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்து அடி அந்தப் பட்டியலிலேயே இருப்பதைப் பாருங்கள். இந்தக் கர்ப்பத்தில் அடி வாங்கிவிட்டு உங்களிடம் வருகிறவருக்கு அந்த மூன்றில் ஒன்று ஏற்கெனவே "ஆமாம்" ஆகிவிட்டது.

கழுத்தை நெரிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பெண்களும் சாதாரணமாகச் சொல்வார்கள், ஊழியர்களும் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போவார்கள். வெளியில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம், நாட்கள் கழித்துப் பக்கவாதம் வரலாம். குரல் கம்மல், விழுங்க முடியாமை, கண்ணில் ரத்தப்புள்ளி, கொஞ்ச நேரம் நினைவு தப்பியது, தன்னை அறியாமல் சிறுநீர் போனது, இவை இருந்ததா என்று கேட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பு கழுத்தை நெரித்த துணைவரால் அந்தப் பெண் பின்னாளில் கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்குக்கு மேல் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2008-இல் காட்டியது.

செய்யக் கூடாதவை மூன்று. ஒன்று, "விட்டுட்டு வந்துடுங்க" என்று வற்புறுத்தக் கூடாது. பிரியும் வேளையிலும் பிரிந்த சில மாதங்களிலும்தான் உயிராபத்து மிக அதிகம். எப்போது, எப்படி என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும், திட்டத்தோடு. இரண்டு, "நான் அவரிடம் பேசிப் பார்க்கிறேன்" என்று கிளம்பக் கூடாது. நீங்கள் பேசி முடித்து வீட்டுக்குப் போய்விடுவீர்கள், அன்று இரவு அந்தப் பெண் அந்த வீட்டில் இருக்க வேண்டும். அதே காரணத்துக்காக இருவரையும் சேர்த்து உட்காரவைக்கும் ஆலோசனையும் இதில் கூடாது. மூன்று, அவர் வீட்டுக்கு எடுத்துப்போகும் கர்ப்பப் பதிவு அட்டையில் இதைப் பற்றி எதையும் எழுதக் கூடாது. மருத்துவமனையில் தங்கும் கோப்பில், அவர் சொன்ன வார்த்தைகளிலேயே, காயத்தின் இடத்தோடும் அளவோடும் எழுதுங்கள். பிற்பாடு வழக்கு என்று வந்தால் அதுதான் சாட்சி. துணைவரின் கைபேசியில் திறக்கக்கூடிய செயலியில் அந்தக் கோப்பு தெரியுமா என்று சரிபாருங்கள். துண்டுச்சீட்டைக் கொடுக்கும் முன்பு "இதை எடுத்துப் போவது பத்திரமா?" என்றும், எண்ணை வாங்கும் முன்பு "எந்த நேரம் அழைத்தால் நீங்களே எடுப்பீர்கள்?" என்றும் கேளுங்கள்.

மனச்சோர்வு உறுதியானவர்களுக்குச் சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. மிதமான நிலையில் பேச்சுவழிச் சிகிச்சை, தீவிரமானால் அதோடு மருந்து. செர்ட்ரலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் கலக்கும் அளவு மிகக் குறைவு. ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர் கர்ப்பம் என்றதும் தானாக நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து தொடங்கும் முன்பு, வாழ்க்கையில் எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு நாட்கள் போனதுண்டா என்று மருத்துவர் கேட்க வேண்டும். சோர்வும் மீறிய உற்சாகமும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு இருந்தால் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுப்பது நிலைமையை மோசமாக்கலாம்.

மனநல மருத்துவரே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று உடனே கேட்பார்கள். பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் மனநல ஆய்வாளர் அதிஃப் ரஹ்மானின் குழு நடத்தி 2008-இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த பெண்களிடம் கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து வீடு தேடிப் போய்ப் பேசவைத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது அந்தத் தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் தீவிர மனச்சோர்வு இருந்தது. இந்தப் பயிற்சி இல்லாத பணியாளர்கள் போய்ப் பார்த்த மற்ற குழுவில் 53 சதவீதம். அந்த முறையை உலக சுகாதார நிறுவனம் பின்னர் கையேடாகவே வெளியிட்டது. அதிலும் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் பகுதி உண்டு, ஆகவே அங்கேயும் நான் சொன்ன வரிசை பொருந்தும்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதையும் சொல்லாமல் விடக் கூடாது. எல்லோரிடமும் வன்முறை பற்றிக் கேட்பதால் பயன் உண்டா என்பதில் நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு எல்லோரிடமும் கேள் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2013-இல், எல்லோரையும் சலித்தெடுக்க வேண்டாம், அறிகுறி இருந்தால் கேள் என்றது. 2016-இல், வன்முறையால் வந்திருக்கக்கூடிய பாதிப்புகளைக் கர்ப்ப காலப் பரிசோதனையில் பார்க்கும்போது இதைக் கேட்பதைத் தீவிரமாகப் பரிசீலிக்கச் சொன்னது, ஆனால் தனிமையும் பயிற்சியும் அனுப்பிவைக்க இடமும் இருந்தால் மட்டும். காரணம் இருக்கிறது. சிகாகோவில் நடந்த ஒரு பெரிய சோதனையில், கேள்வி கேட்டு உதவி எண்களின் பட்டியலைக் கொடுத்த பெண்களுக்கும், எதுவும் கேட்கப்படாத பெண்களுக்கும் ஒரு வருடம் கழித்து வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசமே இல்லை. அதே நேரம் வாஷிங்டனில் கர்ப்பிணிகளைக் கேட்டறிந்து, வழக்கமான பரிசோதனை நாட்களிலேயே ஆலோசனை அமர்வுகளும் நடத்தியபோது வன்முறை மறுபடி நிகழ்வது குறைந்தது, மிக முன்கூட்டிய பிரசவங்களும் குறைந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் புரிவது, பட்டியலைக் கையில் திணிப்பது உதவி ஆகாது என்பதுதான். ஆள் வேண்டும், தொடர்ந்து பேச வேண்டும். வன்முறையும் மனச்சோர்வும் அந்த வாஷிங்டன் அமர்வுகளில் ஒன்றாகவே கவனிக்கப்பட்டன என்பதையும் கவனியுங்கள்.

பத்து நிமிடம் போதாது என்பது உண்மை. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கேள்விகள் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நேரம் தேவைப்படுவது சிலருக்கு, அவர்களுக்காக வரிசை கொஞ்சம் காத்திருக்கலாம். ரத்தப்போக்கோடு ஒருவர் வந்தால் காத்திருக்கிறது அல்லவா?

பரிசோதனை வரிசையை விட்டே போய்விட்டவர்களையும் மறக்காதீர்கள். கரு கலைந்தவர்கள், குழந்தை இறந்து பிறந்தவர்கள். அடுத்த தேதி என்று ஒன்று அவர்களுக்கு இல்லை, ஆகவே யாரும் கேட்பதில்லை. தீவிர சிகிச்சையில் இருக்கும் பச்சிளம் குழந்தையின் அம்மாவிடம் எல்லோரும் குழந்தையைப் பற்றியே பேசுகிறார்கள். மனச்சோர்வு முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், அதனால் குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் நாளும் நல்ல வாய்ப்பு.

இன்னொன்று, உங்களைப் பற்றி. இந்தக் கேள்விகளைக் கேட்கும் செவிலியர்களிலும் வீட்டில் அடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், பிரசவத்துக்குப் பின் மனம் உடைந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போது சொந்த நினைவு கிளறினால் அந்த ஒருவரை வேறு ஒரு சக ஊழியரிடம் விடுவதில் தவறில்லை. கனமான ஒரு பேச்சு முடிந்த பிறகு பொறுப்பாளரிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு அடுத்தவரை அழையுங்கள்.

நாளைக்கு வேலைக்குப் போனதும் கேள்வித்தாளை எடுக்காதீர்கள். முதலில் கதவு மூடும் ஓர் அறையைத் தேடுங்கள். அப்புறம் இரண்டு பேரை நேரில் போய்ப் பாருங்கள்: மனநலத்துக்கு யாரிடம் அனுப்புவீர்களோ அவர், வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவும் அமைப்பில் தொலைபேசி எடுப்பவர். பெயரும் முகமும் தெரிந்த பிறகு, "நான் ஒருவரிடம் அனுப்புகிறேன், எனக்குத் தெரிந்தவர்தான், வேண்டுமானால் இங்கிருந்தே இப்போதே பேசலாம்" என்று உங்களால் சொல்ல முடியும். அதற்கடுத்த நாள் முதல் பெண்ணிடம் கேளுங்கள்.